கப்பலுக்குக் கொஞ்சம் துரு!

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஒருவர் போன் போட்டு, "கிளம்பி வாங்க, ஒரு துரு விஷயமா உங்க உதவி வேணும்" என்றால் என்ன செய்வீர்கள்? போனை வைத்துவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொள்வீர்கள். நானும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் கூப்பிட்டவர் என் சூப்பர்வைசர். அப்ரெய்ஸலுக்கு இன்னும் ஒரு மாதம்தான் பாக்கி!

2019 நவம்பர். ஆபீஸ் வேலையாக என்னை மூன்று மாதம் ஹிரோஷிமாவில் போட்டிருந்தார்கள். சூப்பர்வைசர் ஜப்பானியர், ரிட்டயராக ஒரு வருஷம் இருந்தது. சிரிப்பதற்குக்கூட மேலிடத்தில் பர்மிஷன் வாங்குகிறவர் மாதிரி இருப்பார். ஒருநாள் லஞ்ச் டயத்தில் அவருடைய விரல் நகத்தைப் பார்த்து, "என்ன ஸார், சாம்பல் கலரா இருக்கு?" என்று கேட்டுத் தொலைத்தேன். மனிதர் முகத்தில் நூறு வாட்ஸ் பல்பு!

"குரே க்ரே" என்றார்.

விஷயம் இதுதான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஜப்பான் கடற்படைக்கு குரே, சசெபோ, மைசுரு, யோகோசுகா என்று நாலு பெரிய கப்பல் பட்டறைகள் இருந்தன. ஒவ்வொன்றும் கப்பலுக்கு அடித்த சாம்பல் நிறம் கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசம். பொம்மைக் கப்பல் செய்கிறவர்களுக்காக அந்த நாலு சாம்பலையும் ஊர்ப் பெயர் போட்டு சின்னச் சின்ன பாட்டிலில் விற்கிறார்கள். நமக்கு நாலும் ஒன்றுதான். அவரிடம் அப்படிச் சொன்னால் அன்றோடு உறவு முறிந்துவிடும்.

ஹிரோஷிமாவிலிருந்து குரேக்கு ரயிலில் சுமார் முக்கால் மணி நேரம். ஜன்னலுக்கு வெளியே கடல் கூடவே வருகிறது. கடலில் வரிசை வரிசையாகத் தெப்பங்கள். கீழே சிப்பி வளர்க்கிறார்களாம். ஸ்டேஷனில் இறங்கினால் ஐந்து நிமிஷ நடையில் ஒரு நிஜ சப்மரீன், தண்ணீரே இல்லாத ரோட்டோரத்தில், நம் ஊர் பஸ் டிப்போவில் வண்டி நிற்கிற மாதிரி நிற்கிறது. அதற்கு எதிரே யமாட்டோ மியூசியம்.

யமாட்டோ என்பது உலகத்திலேயே பெரிய போர்க்கப்பலாக இருந்தது. குரேயில் கட்டியது. நீளம் 263 மீட்டர். பீரங்கி வாய் 46 சென்டிமீட்டர் அகலம். ஒரு குண்டின் எடை கிட்டத்தட்ட ஒன்றரை டன். சுட்டால் 42 கிலோமீட்டர் போகும். அதாவது, சென்னை சென்ட்ரலில் சுட்டால் திருவள்ளூரில் விழும்!

மியூசியம் ஹாலில் இருப்பது அதன் பத்தில் ஒரு பங்கு மாதிரி. 'மாடல்' என்றதும் கண்ணாடிப் பெட்டிக்குள் ஷோ-கேஸ் பொம்மையை எதிர்பார்த்துப் போனேன். உள்ளே நுழைந்ததும் வாயை மூட மறந்தேன். 26.3 மீட்டர்! நம் டவுன் பஸ் இரண்டரையை வரிசையாக நிறுத்திய நீளம். கீழேயிருந்தும் பார்க்கலாம், மாடி ஏறி மேலேயிருந்தும் பார்க்கலாம்.

"இதைச் செய்யறதுல ரொம்பக் கஷ்டம் எது தெரியுமா?" என்றார் சூப்பர்வைசர்.

"பணம்?"

"தகவல்."

யமாட்டோவை ரகசியமாகக் கட்டினார்கள். மேலேயிருந்து யாரும் பார்க்காதபடி கப்பல் தொட்டிக்கு மேல் கூரையே போட்டார்கள். போரில் தோற்றதும் வரைபடங்களைக் கொளுத்திவிட்டார்கள். மிஞ்சின போட்டோக்கள் கொஞ்சம். மீதியை யூகித்தும், கடலுக்கடியில் தேடியும்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கப்பல் கிடப்பது சுமார் 350 மீட்டர் ஆழத்தில். கப்பல் மூக்கில் தங்க நிறத்தில் ஒரு சாமந்திப்பூ முத்திரை இருக்கும், ராஜ முத்திரை. அதன் குறுக்களவு ஒன்றரை மீட்டர் என்றுதான் பல காலம் நினைத்திருந்தார்கள். 1999-ல் ஆழத்தில் இறங்கிப் பார்த்தால், ஒரே மீட்டர்! ஊரிலிருந்த யமாட்டோ பொம்மைகளுக்கெல்லாம் ஒரே நாளில் மூக்குத்தி பெரிசாகிவிட்டது.

"இந்த மாடலைப் பார்த்தா உங்களுக்கு என்ன தோணுது?" என்று கேட்டார்.

அப்ரெய்ஸல் ஞாபகம் வந்தது. இருந்தாலும் உண்மையைச் சொன்னேன். "ரொம்ப சுத்தமா இருக்கு ஸார். ஷோரூம்ல நிக்கிற கார் மாதிரி."

தலையை ஆட்டினார். ஒன்றும் பேசவில்லை.

மத்தியானம் கறி சாப்பிட்டோம். 'கறி' என்றால் நிஜமாகவே 'கறி'. ஜப்பான் கடற்படையில் வெள்ளிக்கிழமைதோறும் கறிச்சாதம் போடுவது வழக்கம். கடலில் கிழமை மறந்து போகாமலிருக்க இது உதவுகிறதாம். குரே ஹோட்டல்களில் இந்தக் கப்பல் கறி, அந்தக் கப்பல் கறி என்று பெயர் போட்டு விற்கிறார்கள். கொஞ்சம் தித்திக்கிற குழம்பு. நம் நாக்குக்கு உறைப்பு போதாது. ஆனாலும் ஊரை விட்டு வந்து இரண்டு மாதமானவன் அழாமல் சாப்பிட்டது பெரிய விஷயம்.

பிறகு ஒரு சின்ன மேட்டுக்கு அழைத்துப் போனார். கீழே கப்பல் பட்டறை. யமாட்டோ பிறந்த தொட்டியை மூடிவிட்டார்கள். அன்றைய கூரை மட்டும் நிற்கிறது. 1940 ஆகஸ்ட் 8-ல், ஆரவாரமே இல்லாமல், இங்கேதான் தண்ணீரில் மிதக்கவிட்டார்கள். 1941 டிசம்பர் 16-ல் கடற்படையில் சேர்ந்தது. வேடிக்கை என்னவென்றால், அதற்கு ஒரு வாரம் முன்புதான் பேர்ல் ஹார்பரில் ஜப்பான் விமானங்களே, இனி விமானம் இருந்தால் பெரிய பீரங்கிக் கப்பல் தேவையில்லை என்று காட்டிவிட்டு வந்திருந்தன. கடைசியில் யமாட்டோவுக்கும் அதேதான் நடந்தது. 1945 ஏப்ரல் 7. ஒகினாவாவுக்குப் போகிற வழியில் அமெரிக்க விமானங்கள் சூழ்ந்துகொண்டன. இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. கப்பலோடு போனவர்கள் 3,000 பேருக்கு மேல். பிழைத்தவர்கள் 300 பேர்கூட இல்லை.

சாயங்காலம் அவர் வீடு. மேஜை மேல் அவருடைய யமாட்டோ. 350-ல் ஒரு பங்கு, 75 சென்டிமீட்டர். நாலு வருஷமாகச் செய்கிறாராம்.

குனிந்து பார்த்தேன். கப்பல் ஓரக் கைப்பிடிக் கம்பிகள் 3 மில்லிமீட்டர் உயரம்; பித்தளைத் தகட்டை ஆஸிட்டில் அரித்து எடுத்தவை. கொடிமரக் கயிறுகள் எப்படி என்று கேட்டேன். பாகங்கள் ஒட்டிவருகிற பிளாஸ்டிக் சட்டத்தில் ஒரு துண்டை மெழுகுவர்த்தியில் காட்டி, இளகியதும் இரண்டு பக்கமும் இழுத்தால் தலைமுடி மாதிரி நூல் வருமாம். மூச்சை அடக்கிக்கொண்டு ஒட்டுவாராம். "தும்மல் வந்தா?" என்றேன். "ஒரு தடவை வந்தது. ஒரு மாச வேலை போச்சு."

ஆனால் இதுவும் சுத்தமாக இருந்தது! ஒரு கறை இல்லை. இந்தக் கலையில் கடைசிப் படி, கப்பலை அழுக்காக்குவது. 'வெதரிங்' என்பார்கள். வெயிலும் மழையும் உப்புக்காற்றும் பட்ட மாதிரி, ஆயில் பெயின்ட்டைத் தின்னரில் கரைத்து, துரு கசிகிற இடத்தில் பொட்டு வைத்து, பிரஷ்ஷால் கீழ்நோக்கி இழுக்க வேண்டும். நிஜக் கப்பலில் பத்து சென்டிமீட்டர் அகலத் துரு, இதில் 0.3 மில்லிமீட்டர். அதற்கு மேல் போனால் கப்பல் இல்லை, காயலான் கடை. புது ஸ்கூட்டரில் கீறல் விழுந்தால் இரண்டு நாள் சாப்பிடாத நமக்கு இது புரியாது!

"துரு ஏன் வைக்கலை ஸார்?"

அலமாரியிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து வந்தார். கடற்படைத் தொப்பியில் ஒரு பையன். பார்த்தால் நம் ஊர் பி.காம். முதல் வருஷம்.

"எங்க பெரியப்பா. யமாட்டோவில இருந்தார். பத்தொன்பது வயசு. தரை தேய்க்கறது, துரு சுரண்டறது, பெயின்ட் அடிக்கறது... அதான் வேலை. வீட்டுக்கு எழுதின லெட்டர்ல எல்லாம் அதான் இருக்கும். கை எரியுதுன்னு."

கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்.

"நான் துரு வெச்சா, அவர் வேலையைச் சரியா செய்யலைன்னு ஆயிடுமே?"

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

"துரு இல்லாம விட்டா, அது கடலுக்கே போகாத கப்பல். பொய். ஒரு வருஷமா இப்படியே நிக்குது. எங்க வீட்ல எல்லாருக்கும் பெரியப்பா போட்டோ தெரியும். யாரைக் கேட்டாலும் அழறாங்க. சம்பந்தமில்லாத ஆள் ஒருத்தர் வேணும்னுதான் உங்களைக் கூப்பிட்டேன்."

மூக்குப் பக்கம் குனிந்தேன். நங்கூரச் சங்கிலி இறங்குகிற ஓட்டை, பக்கத்துக்கு ஒன்று.

"ஸார், இங்கே சங்கிலி உரசிக்கிட்டே இருக்குமே, பெயின்ட் நிக்குமா?"

"நிக்காது."

"யார் தேய்ச்சு அடிச்சாலும்?"

"யார் அடிச்சாலும் நிக்காது. அடுத்த தடவை நங்கூரம் எடுத்தாப் போயிடும்."

"அப்ப அது கடலோட வேலை. பெரியப்பாவோட தப்பு இல்லையே."

சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார். கப்பலைப் பார்த்தார். எழுந்து போய் பிரவுன் பெயின்ட்டை எடுத்து வந்தார். தின்னர் கலந்தார். இடது ஓட்டைக்குக் கீழே ஒரு பொட்டு, ஒரு இழுப்பு. முடி மாதிரி ஒரு கோடு. அவ்வளவுதான், நேற்றுவரை பொம்மையாக நின்றது கடலிலிருந்து வந்த மாதிரி ஆகிவிட்டது.

பிரஷ்ஷை என்னிடம் நீட்டி, "வலது பக்கம் நீங்க" என்றார்.

கை நடுங்கியது. வைத்தேன். சாம்பார் கொட்டின மாதிரி வந்தது. அவர் பதறவில்லை. தின்னரில் தோய்த்த பிரஷ்ஷால் இரண்டு தடவை துடைத்து, மெல்லிசாக ஒரு கோட்டை மட்டும் விட்டுவைத்தார். வேறெங்கும் துரு வைக்கவில்லை. மற்ற இடமெல்லாம் பெரியப்பா தேய்த்த இடம்.

திங்கட்கிழமை லஞ்ச் டயத்தில் பக்கத்து சீட்காரர் என் நகத்தைப் பார்த்து, "என்ன, பிரவுன் கலர்?" என்று கேட்டார்.

"துரு" என்றேன். எதிரே சூப்பர்வைசர், பர்மிஷன் வாங்காமலே சிரித்தார்.