கோடாலிக்கு அடங்காத கட்டை

இந்தச் சஞ்சிகையில் மொழிப் பரீட்சை பற்றியும், வரி அட்டை பற்றியும், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் பற்றியும் விபரம் அறிந்தவர்கள் எழுதி வருகிறார்கள். நாங்கள் இருவரும் சாதாரண தரத்தோடு படிப்பை விட்டவர்கள். வட நோர்வேயில் ஒரு சிறிய கரையோர ஊரில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்கிறோம். எங்களுக்கு எழுதத் தெரிந்தது ஒரு விறகுக் கட்டையைப் பற்றித்தான். அதையே எழுதுகிறோம்.

தை தொடக்கம் சித்திரை வரை இங்கே கொட் மீன் காலம். அப்போது நித்திரை கொள்ளவும் நேரமிராது. மாரி தொடங்க மீன் வரத்துக் குறைந்துவிடும். 'தற்காலிகமாக வேலைக்கு வரவேண்டாம்' என்று கடிதம் வரும். 2022 ஐப்பசியிலும் அப்படி ஒரு கடிதம் வந்தது, இந்த முறை இரண்டு பேருக்கும் சேர்த்து. எங்கள் ஊர் ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலே இருப்பதால் கார்த்திகை கடைசியிலிருந்து தை நடுப்பகுதி வரை சூரியன் எட்டிப் பார்க்காது. நடுப்பகலில் ஒரு நீல வெளிச்சம், பிறகு இருட்டு. வேலையும் இல்லாமல் அந்த இருட்டுக்குள் வீட்டில் இருப்பது எப்படிப்பட்டது என்று வடக்கே இருந்தவர்களுக்குத் தெரியும்.

ஒஸ்லோவிலிருந்து அண்ணை கிழமைக்கு இரண்டு தரம் ரெலிபோன் எடுப்பார். "அந்தப் பனிக்குள்ளை கிடந்து என்ன செய்யிறியள்? இஞ்சாலை வாங்கோ. கோயில் இருக்கு, தமிழ்ப் பள்ளிக்கூடம் இருக்கு, கடையிலை முருங்கைக்காய் வாங்கலாம். உங்களுக்கு அங்கை ஆர் இருக்கினம்?" அவர் சொல்வதில் பிழையில்லை. எண்பதுகளில் வடக்கே மீன் தொழிற்சாலைகளுக்கு வந்த எம்மவரில் பலர் பின்னர் ஒஸ்லோவுக்குப் போனார்கள். எங்கள் ஊரில் ஒருகாலம் பல தமிழ்க் குடும்பங்கள் இருந்தனவாம். இப்போது எங்களோடு சேர்த்து இரண்டு. அந்த ஐப்பசியில் நாங்களும் பெட்டி கட்டுவது என்று ஏறக்குறைய முடிவெடுத்திருந்தோம்.

இனி கட்டைக்கு வருவோம். பக்கத்து வீட்டில் ஒரு வயோதிபர் இருக்கிறார். கடலுக்குப் போய் ஓய்வு பெற்றவர், மனைவி இல்லை. இந்த நாட்டில் வயது போனவரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எங்களுக்கு அது வாயில் வரவில்லை. பிள்ளைகள் 'அப்பப்பா' என்று கூப்பிடத் தொடங்கினார்கள். அவரும் அதுதான் தன்னுடைய தமிழ்ப் பெயர் என்று நினைத்துக்கொண்டார். அவருடைய கூரைக்கு மேலே சரிந்து நின்ற ஒரு பெரிய பேர்ச் மரத்தை 2022 வைகாசியில் தறித்தார்கள். வெள்ளைப் பட்டை உரிகின்ற அந்த மரந்தான் இங்கே விறகுக்கு ராசா. 'கொத்தி அடுக்கித் தந்தால் பாதி உங்களுக்கு' என்றார். கொத்தினோம்.

பேர்ச் கட்டை, நார் நேராக இருந்தால், ஒரே போட்டில் இரண்டாகும். ஆனால் ஒரு கட்டை மட்டும் பிளக்க மறுத்தது. அதன் பக்கத்தில் மனிதரின் கழுத்தில் கழலை வருவது போல ஒரு பெரிய புடைப்பு. காயம் பட்டோ வேறு காரணத்தாலோ மரம் அப்படிப் புடைக்கும்போது உள்ளே நார் நேராகப் போவதில்லை. சுழன்று, முறுகி, ஒன்றுக்குள் ஒன்று பின்னி வளரும். அதனால் கோடாலி இறங்காது. ஆப்பு வைத்து அடித்தாலும் ஆப்புத்தான் துள்ளி விழும். கடைசியில் அதை அடுக்கின் அடியில் போட்டுவிட்டோம்.

விறகைப் பற்றி எங்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. 2009 இல் செட்டிகுளத்து முகாமில் இருந்தபோது ஒரு பானை கஞ்சிக்கு எத்தனை சுள்ளி வேண்டும் என்று எண்ணி எண்ணி வைத்தவர்கள் நாங்கள். அங்கே யாராவது ஒரு கட்டையைக் காட்டி 'இது வடிவான கட்டை, எரிக்காதேங்கோ' என்று சொல்லியிருந்தால் சிரித்திருக்க மாட்டோம், சண்டைக்குப் போயிருப்போம். ஆகவே கார்த்திகையில் அப்பப்பா வந்து அந்தக் கழலைக் கட்டையை உருட்டி எடுத்து, 'இதை அடுப்பில் போடவேண்டாம், இதற்குள் ஒரு கிண்ணம் இருக்கிறது' என்றபோது நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். நல்ல எரிகிற கட்டை, மாரியோ இப்போதுதான் தொடங்குகிறது.

அவர் எங்களை ஊரின் கைப்பணிச் சங்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். நோர்வேக் கைப்பணிச் சங்கம் 1910 இல் தொடங்கப்பட்டது. நாடு முழுவதும் அதற்குக் கிளைகள் இருக்கின்றன. தையல், பின்னல், நெசவு, கத்தியால் செதுக்கல், மரம் கடைதல் எல்லாம் பழக்குகிறார்கள். புதிதாக வந்திருக்கும் குடும்பங்கள் உங்கள் ஊர்க் கிளையை விசாரித்துப் பாருங்கள். எங்களிடம் யாரும் அடையாள அட்டை கேட்கவில்லை. 'கையுறையைக் கழற்றுங்கள்' என்றுதான் முதலில் சொன்னார்கள்.

அதற்குக் காரணம் உண்டு. சுற்றுகின்ற கட்டை கையுறையைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். தொங்குகின்ற சால்வை, நீண்ட கை, விரித்த தலைமயிர் ஒன்றும் ஆகாது. எங்களில் தாலிக்கொடி போட்டவர் அதைச் சட்டைக்குள் விட்டு மேலே இறுக்கமாக ஒரு மேலங்கி போட்டுக்கொண்டார். முகத்துக்கு மறைப்பு வேண்டும். இயந்திரத்தை முடுக்கும்போது கட்டைக்கு நேரே நிற்கக் கூடாது, விலகி நிற்க வேண்டும்.

மரம் கடைவது எங்களுக்குப் புதிதல்ல. ஊரில் பம்பரமும், கட்டில் காலும், தொட்டில் கட்டையும் கடைகின்ற பட்டறைகளைப் பார்த்திருக்கிறோம். ஒருவர் கயிற்றை மாறி மாறி இழுக்க, மற்றவர் நிலத்தில் குந்தியிருந்து உளி பிடிப்பார். இங்கே கயிற்றுக்குப் பதில் மோட்டார். மற்றபடி ஒன்றுதான்: மரம் சுற்றும், உளி அசையாமல் நிற்கும்.

விறகு ஏன் வெடிக்கிறது என்று அங்கேதான் விளங்கியது. ஈரம் போகும்போது மரம் எல்லாப் பக்கமும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. வளையங்களின் வழியே சுருங்குவது, நடுவிலிருந்து பட்டையை நோக்கிச் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. நீளவாக்கில் சுருக்கம் மிகக் குறைவு. ஆகவே உருண்டைக் கட்டையாக விட்டால் அது நடுவை நோக்கி எங்கேயாவது வெடித்தே தீரும். விறகுக்கு அது நல்லது, கிண்ணத்துக்கு ஆகாது. அதனால் முதல் வேலை கட்டையை நீளவாக்கில் வாளால் அறுத்து, நடுக்குருத்தை நீக்குவது. எங்கள் கட்டையின் வெளிப்புறத்தில் ஏற்கெனவே வெடிப்பு ஓடியிருந்தது. கழலை இருந்த பகுதியில் மட்டும் வெடிப்பு ஓட வழி தெரியாமல் நின்றுவிட்டது. கோடாலியைத் தடுத்த அதே பின்னல் வெடிப்பையும் தடுத்துவிட்டது. நல்ல பகுதியை இரண்டாக அறுத்து எடுத்தோம்.

இந்தக் கழலையின் அருமை வடக்கத்தியாருக்குப் பழைய காலம் தொட்டே தெரியும். சாமி என்று ஒரு ஆதிக்குடி இந்தப் பக்கத்தில் இருக்கிறது. ('சாமி' என்று கேட்டதும் எங்கள் சின்னவள் கைகூப்பினாள்.) அவர்கள் பேர்ச் கழலையைக் கத்தியால் குடைந்து குடிக்கும் கோப்பை செய்வார்கள், அதற்கு குக்சி என்று பெயர். வெடிக்காமல் இருக்க உப்பு நீரில் அவிப்பதும் உண்டு.

எங்கள் கட்டையை வட்டமாக வெட்டி இயந்திரத்தில் பூட்டினார்கள். முதலில் நிமிடத்துக்கு 500 சுற்றளவில் மெதுவாக ஓடவிட்டார்கள். ஒழுங்கில்லாத கட்டை வேகமாகச் சுற்றினால் இயந்திரமே ஆடும். குழிந்த உளியைத் தாங்கியில் வைத்து, அதன் சரிவான முகத்தை முதலில் மரத்தில் உரசவிட்டு, பிறகு மெல்லக் கைப்பிடியை உயர்த்தினால் கூர் வெட்டத் தொடங்கும். வெளிப்பக்கத்தை அடியிலிருந்து விளிம்புக்கு வெட்ட வேண்டும். உட்பக்கத்தை விளிம்பிலிருந்து நடுவுக்கு. மாறி வெட்டினால் நார் பிய்ந்து வரும். சரியாக வெட்டினால் ஈர மரச் சுருள் இடியப்பம் பிழிந்தது போலத் தோளுக்கு மேலால் பறக்கும். அந்தச் சத்தத்தை எழுதிக் காட்ட எங்களுக்குத் தெரியவில்லை.

தொழிற்சாலையில் எங்களுக்கு ஒரு மீன் முழுதாகக் கைக்கு வருவதில்லை. ஒருவர் தலை, ஒருவர் முள், ஒருவர் பெட்டி. காதுக்கு மறைப்புப் போட்டிருப்பதால் எட்டு மணித்தியாலமும் பேச்சில்லை. இத்தனை வருடமாக இந்த மொழியை 'நல்லது', 'நன்றி', 'நாளைக்கு' என்ற மூன்று சொல்லில் ஓட்டியவர்கள் நாங்கள். பட்டறையில் அப்படி முடியாது. 'உளியைச் சரி', 'நிறுத்து', 'வெடிப்பு இருக்கிறதா பார்' என்றால் உடனே விளங்க வேண்டும். அங்கேதான் ஸ்கோல் என்றால் கிண்ணம் என்று தெரிந்தது. அதுவரை அது குடிக்கும்போது குவளையை உயர்த்திச் சொல்லும் சொல் என்றே நினைத்திருந்தோம், இரண்டும் ஒரே சொல். வே என்றால் விறகு, 'அருகில்' என்பதற்கும் அதே உச்சரிப்பு. வகுப்பில் மூன்று மாதம் குழப்பிய சொல் பட்டறையில் ஒரு மாலையில் தெளிந்தது. எங்களில் பேசவே கூச்சப்பட்டவர்தான் அங்கே முதலில் கேள்வி கேட்டவர். பெயரை எழுதவில்லை, அவவுக்குப் பிடிக்காது.

ஈரமான மரத்தை முதல் நாளே மெல்லியதாகக் கடைந்து முடித்தால் காயும்போது வளைந்துவிடும். அதனால் குறுக்களவில் பத்தில் ஒரு பங்கு தடிப்பு விட வேண்டும். எங்களுடையது 24 சென்றிமீற்றர், ஆகவே 24 மில்லிமீற்றர் தடிப்பு. பிறகு அதே மரச் சுருளோடு ஒரு கடதாசிப் பைக்குள் போட்டு, அடுப்புக்கு எட்டிய குளிரான அறையில் வைத்தோம். ஈரம் அவசரப்படாமல் வெளியேற வேண்டும். கிழமைக்கு ஒருதரம் சமையல் தராசில் நிறுத்துப் பையின் மேலே எழுதினோம். மீன் நிறுத்துப் பழகிய கை அல்லவா! கார்த்திகையில் 1420 கிராம். தையில் 1260. சித்திரைக்குப் பிறகு வீட்டுக்குள் கொண்டுவந்தோம். ஆனியில் 1130, அதற்குப் பிறகு அசையவில்லை. நிறை குறைவது நின்றால்தான் மரம் காய்ந்தது என்று அர்த்தம். வட்டமாக இருந்தது கோணலாகிப் போயிருந்தது, அது எதிர்பார்த்ததுதான். 2023 ஆவணியில் திரும்பப் பூட்டி, 8 மில்லிமீற்றர் தடிப்புக்குக் கடைந்து முடித்தோம்.

ஆளி விதை எண்ணெய் பூசினோம். இங்கே ஒரு எச்சரிக்கை: அந்த எண்ணெய் ஊறிய சீலையைச் சுருட்டிப் போடக் கூடாது. காயும்போது தானாகச் சூடாகித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்து எறியுங்கள். இன்னொன்று, செலவில்லாமல் கிடைக்கிறது என்று கண்ட மரத்தையும் வீட்டுக்குள் கொண்டுவராதேயுங்கள். மருந்து ஏற்றிய பச்சைப் பலகையை எரிக்கவும் கூடாது, கடையவும் கூடாது. பழைய பலகை என்றால் ஆர்செனிக்கும் இருக்கலாம். தொழிற்சாலைச் சாமான் தட்டுகளில் எச்.ரி. என்று அடித்திருந்தால் சூடேற்றியது. எம்.பி. என்றால் நச்சுப்புகை அடித்தது, தொடாதேயுங்கள்.

கிண்ணத்துக்குள் நார் தேன் நிறத்தில் சுழிசுழியாக நிற்கிறது. விளிம்பில் மரப்பட்டை உள்ளே புகுந்த இடத்தில் இரண்டு ஓட்டைகள். ஆகவே சொதி ஊற்ற முடியாது, அலங்காரத்துக்குத்தான். அப்பப்பா கையில் வாங்கி ஓட்டைக்குள்ளால் சன்னலைப் பார்த்தார். அந்த மரத்தைத் தன் மனைவி வந்த வருடம் இருவருமாக நட்டது என்று அன்றைக்குத்தான் சொன்னார். கிண்ணத்தை அவரிடமே கொடுத்தோம். மறுக்கவில்லை. அவர் வீட்டுச் சன்னலில் மூக்குக் கண்ணாடியும் வீட்டுத் திறப்பும் இப்போது அதற்குள் கிடக்கின்றன.

அந்தக் கோடையில் அண்ணை குடும்பத்தோடு வந்தார். "ஓட்டைச் சட்டி செய்யவோ ஒன்பது மாதம்?" என்று சிரித்தார். பிறகு பட்டறைக்கும் வந்து ஒரு மணித்தியாலம் நின்றார். போகும்போது ஒஸ்லோப் பேச்சை எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் எங்களிடம் திடமான மறுமொழி இருந்திருக்காது. பிள்ளைகளின் தமிழை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு இடிக்கிறது. சனிக்கிழமைகளில் மற்றத் தமிழ்க் குடும்பத்தோடு சேர்ந்து நான்கு பிள்ளைகளுக்கு சமையலறை மேசையில் எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுக்கிறோம். அது ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஈடாகாது.

கழலையின் மற்றப் பாதியை ஈரம் போகாமல் முனைகளில் மெழுகு பூசி வைத்திருந்தோம். சென்ற மாதம் அதையும் முதல் கடைசல் கடைந்து பைக்குள் போட்டோம். இது கொஞ்சம் சிறியது. பையின் மேலே பெரியவள் தமிழில் எழுதியிருக்கிறாள்: 'முதல் கிழமை 980 கிராம்'. இது காய இன்னும் ஏழெட்டு மாதம் செல்லும்.