நூலை எண்படி அடுக்குங்கள்

கிராஸ் ஸ்டிட்ச் நூல்களை நிறவாரியாக அடுக்கிவைத்தால் பார்க்க அழகுதான். ஆனால் வேலைக்கு உதவுவது எண்வரிசை என்று உறுதியாகச் சொல்வேன். டிஎம்சி நூலில் 310 கறுப்பு, 939 கருநீலம், 3371 கரும்பழுப்பு. இரவில் மங்கிய வெளிச்சத்தில் மூன்றும் கறுப்பாகத்தான் தெரியும். விடிந்து பார்த்தால் கறுப்புக் கூந்தலில் நீலம் ஓடியிருக்கும். பேட்டர்ன் கேட்பதோ எண்ணை. அதனால் 8 மீட்டர் கண்டைப் பிரித்து அட்டையில் சுற்றும்போதே கம்பெனிப் பெயரையும் எண்ணையும் எழுதிவிடுங்கள். ஆங்கரில் கறுப்புக்கு எண் 403, ஆகவே வெறும் எண் போதாது.

ஒரு நூல் தீர்ந்தால் பக்கத்து நிறத்தை எடுக்க நிறவரிசைதானே வசதி என்பார்கள். நியாயமான கேள்வி. அதற்குத்தான் ஷேடு கார்டு இருக்கிறது. பெட்டியையே அதற்காக மாற்றியடுக்க வேண்டாம். ஏழெட்டு நிறமே உள்ள சின்ன வேலை என்றால் எப்படி வைத்தாலும் சரி. ஊசியிலும் இதே சிக்கல்தான்: 24-ம் 26-ம் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், ஊசியில் எண் பொறித்திருக்காது (எண் கூடினால் ஊசி மெலியும்). எல்லாவற்றையும் ஒரே பின்குஷனில் குத்தாமல், தடித்த துணியில் அளவை எழுதி, தனித்தனி வரிசையாகக் குத்திவையுங்கள். 14 கவுண்ட் ஐடா துணிக்கு 24, 18 கவுண்டுக்கு 26.