தாழ்ப்பாள்

நாய் நன்றியுள்ள விலங்கு என்று பள்ளிப் பருவத்தில் கட்டுரை எழுதாதவர் நம்மில் ஒருவரும் இரார். நானும் எழுதினேன். அந்த நன்றிக்கு ஈடாக நாம் செலுத்த வேண்டிய கடன் ஒன்று உண்டு என்பதைத் தலை நரைத்த பின்னரே கற்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன், போர்ட் பிளேர் ஜங்லிகாட்டில் குடியிருந்த எங்கள் வீட்டில் மணி என்னும் நாட்டு நாய் ஒன்று வளர்ந்தது. மழையில் நனைந்து நடுங்கிய குட்டியை என் மகன் எடுத்து வந்தான். வளர்ந்தபின் வாயிலில் படுத்து வருவோர் போவோரைப் பார்த்துக் குரைக்கும். குரைக்கிற நாய் கடிக்காது என்னும் பழமொழியை நம்பியிருந்தேன். வெளிக்கதவின் தாழ்ப்பாள் கடற்காற்றில் துருவேறி விழுந்து ஒரு திங்கள் ஆகியிருந்தது. நாளை பார்க்கலாம் என்று நாள்களைக் கடத்தினேன்.

ஒரு மாலைப்பொழுதில் தெருவில் விளையாடிய பக்கத்து வீட்டுச் சிறுமியின் கெண்டைக்காலில் மணி பல் பதித்துவிட்டது. காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் நெடுநேரம் கழுவி, மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றோம். காயம் ஆறியது, வடு நின்றது.

அன்றிரவு அவளுடைய தாத்தா வந்தார். அவர் வாய் திறக்குமுன் நானே முந்திக்கொண்டேன். “குழந்தை ஓடியிருக்கும் ஐயா, அதனால்தான் துரத்தியிருக்கும். இந்தத் தீவில் வெறிநோய் கிடையாது, பயப்பட வேண்டாம்” என்றேன்.

“அது இருக்கட்டும் தம்பி, உங்கள் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லையா?” என்றார் அவர்.

நான் கூறியது பொய் அன்று. இந்தியாவில் வெறிநாய்க்கடி நோய் இல்லாத பகுதிகளாக அந்தமான் நிக்கோபாரும் இலட்சத்தீவும் நெடுங்காலமாகக் குறிக்கப்பெறுகின்றன. ஆயினும் மெய்யைக் கொண்டும் ஒருவன் தன் பிழையை மறைக்கலாம் அல்லவா? கப்பலேறி வரும் நோயுற்ற நாய் ஒன்றே அப்பெருமையை அழிக்கப் போதும். ஆதலின் தடுப்பூசி இங்கும் கடமையே. மேலும், உயிர் பறிக்கப் பல்லுக்கு நோயின் துணை வேண்டுவதில்லை. 2022 ஜூலையில் இலக்னோவில் மகன் வளர்த்த பிட்புல் நாய் எண்பது வயதைக் கடந்த அவர் தாயையே கொன்றது. 2023 பிப்ரவரியில் ஐதராபாத்தில் நான்கு வயதுச் சிறுவனைத் தெருநாய்கள் சூழ்ந்து கொன்றன. 2025 ஆகஸ்டில் சென்னை ஜாபர்கான்பேட்டையில் அண்டை வீட்டு நாயால் ஒருவர் மாண்டார்.

திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உள்ளது. எருமைகளைக் காக்கப் பொருது மாண்ட வீரனோடு, கள்வரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்னும் அவனுடைய நாயும் அதில் இடம்பெற்றுள்ளது. நாயின் கடிக்குக் கல் நட்டுப் புகழ் தந்த மரபு நம்முடையது. நாயின் புகழில் தலைவனுக்குப் பங்கு உண்டெனில், அதன் பழியில் மட்டும் பங்கு இல்லாமற் போகுமா? சட்டமும் அவ்வாறே கருதுகிறது. தன்வசமுள்ள விலங்கால் பிறருக்குத் தீங்கு நேராவண்ணம் காக்கத் தவறுவோர்க்கு, 2024-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவு ஆறு மாதம் வரை சிறையோ, ஐயாயிரம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கிறது.

இத்தீவுகளில் அப்பொறுப்பு இன்னும் தெளிவாகப் புலப்படும். நாய் இம்மண்ணுக்குரிய விலங்கு அன்று. 1858-இல் ஆங்கிலேயர் கைதிக் குடியிருப்பு அமைக்கும் வரை அந்தமானியப் பழங்குடியினர் நாயை வளர்த்ததில்லை. பின்னரே அவர்கள் அதனைப் பெற்று, பன்றி வேட்டைக்குத் துணையாக்கிக் கொண்டனர். மனிதன் கப்பலில் கொணர்ந்த உயிர் அது. மனிதனால் கைவிடப்பட்டபோதோ கூட்டமாய்த் திரிந்து, கடற்கரை மணலைத் தோண்டி ஆமை முட்டைகளைத் தின்கிறது.

மணி கடித்த மறுநாள் நண்பர் ஒருவர், “தொலைவிலுள்ள கடற்கரையில் விட்டுவிடுங்கள், தொல்லை தீரும்” என்றார். உண்மையில் என் மனமும் அதற்கு இசைந்தது. வண்டியும் பேசினேன். புறப்படும் வேளையில் மணி வாலை ஆட்டிக்கொண்டு தானே வந்து ஏறி அமர்ந்தது. யாருடைய தொல்லை தீரும் என்று அப்போதுதான் எண்ணினேன். அங்கும் குழந்தைகள் விளையாடுவார்கள். அங்கும் ஆமைகள் கரையேறும். வண்டியைத் திருப்பி அனுப்பினேன்.

அன்றே தாழ்ப்பாள் பொருத்தினேன். கருத்தடையும் தடுப்பூசியும் செய்வித்தேன். நாள் முழுதும் கட்டிப்போட்ட நாய் சினம் மிகுந்து வளரும் என்று அறிந்து, காலையும் மாலையும் கயிற்றைக் கையிற் பிடித்து நடத்திச் சென்றேன். குழந்தைகள் அருகே அதனைத் தனியே விட்டதில்லை.

மணி முதுமையெய்தி இறந்தது. தாழ்ப்பாள் இன்றும் இருக்கிறது. அச்சிறுமி வளர்ந்துவிட்டாள், எங்கள் வீட்டைக் கடக்கும்போது மட்டும் இன்றும் தெருவின் மறுபுறம் ஒதுங்கியே நடக்கிறாள்.