யானையை மாத்திக்கலாமா?

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலக செஸ் சாம்பியன்ஷிப்பின் 14வது ஆட்டம், கடைசி ஆட்டமும் அதுதான். டிங் லிரென் வெள்ளை, நம்ம குகேஷ் கறுப்பு. அதுவரை ஆளுக்கு ஆறரைப் புள்ளி. பலகையில் ராஜாக்களைத் தவிர ரெண்டு பேருக்கும் ஒரு யானை, ஒரு பிஷப். குகேஷுக்கு மூணு சிப்பாய், டிங்குக்கு ரெண்டு. இது டிராதான், நாளைக்கு டைபிரேக்னு பார்த்துக்கிட்டிருந்த பெரும்பாலானவங்க முடிவு பண்ணியாச்சு.

55வது நகர்த்தல்ல டிங் யானையை எஃப்2 கட்டத்துல வச்சு, "மாத்திக்கலாமா?"ன்னு கேட்டார். 58வது நகர்த்தலோட ஆட்டத்தை விட்டுக் கொடுத்துட்டார். 18 வயசுல குகேஷ் உலக சாம்பியன்.

இதை "டிங் சொதப்பிட்டார்"னு ஒரே வரியில கடந்து போயிட்டோம். பிள்ளைகளை செஸ்ஸுக்கு அனுப்புற பெற்றோர் மட்டும் கொஞ்சம் நின்னு இந்த நாலு நகர்த்தலைப் பாருங்க. வீட்டுல போர்டு இருந்தா எடுத்து வச்சுக்கோங்க.

டிங்கோட பிஷப் அப்போ ஏ8ல, அதாவது பலகையின் மூலையில். மூலையில நிக்கிற பிஷப்புக்கு ஒரே ஒரு குறுக்குப் பாதைதான். யானைகள் மாறினதும் குகேஷ் தன் பிஷப்பை டி5ல கொண்டுவந்து வச்சார். அது அந்த ஒரே பாதையின் நடுவுல இருக்கு. டிங்கோட பிஷப் எங்கேயும் ஓட முடியாது, மாத்தித்தான் ஆகணும். அதுவும் போனா மிச்சம் ராஜாவும் சிப்பாய்களும். மூணுக்கு ரெண்டு, கறுப்பு ராஜா பலகை நடுவுல கம்பீரமா நிக்குது. முடிஞ்சது.

கவனிங்க, சிப்பாய் கணக்கு மாறவே இல்ல. முன்னாடியும் மூணுக்கு ரெண்டு, பின்னாடியும் மூணுக்கு ரெண்டு. யானை இருந்தவரை டிரா, போனதும் தோல்வி. காயை மாத்துறதுங்கறது சில்லறை மாத்துற மாதிரி சமாச்சாரம் இல்ல. மாத்தின பிறகு பலகையில என்ன மிஞ்சுதுங்கறதுதான் கேள்வி.

அந்த இடத்துல டிங் பண்ணின தப்பு தன் கண்ணுக்கும் உடனே படலைன்னு ஆட்டம் முடிஞ்சதும் குகேஷே சொன்னார். வேற ஒண்ணு ஆட இருந்தவர், இன்னொரு தடவை பார்த்ததுலதான் புரிஞ்சிருக்கு. எனக்கு அந்த "இன்னொரு தடவை"தான் முழு ஆட்டமும்.

இப்ப ஆம்பூருக்கு வாங்க. ஓபிக்கு வர்றவங்கள்ல ஒரு அம்மா, ஷூ கம்பெனியில அப்பர் தைக்கிறவங்க. மணிக்கட்டு வலிக்குக் காட்ட வந்தவங்க, மருந்துச்சீட்டு வாங்கினதும், "சார், நீங்க செஸ் ஆடுவீங்கன்னு சிஸ்டர் சொன்னாங்க. பொண்ணுக்கு ஓப்பனிங் கோர்ஸ் ஒண்ணு சேரச் சொல்றாங்க, சேர்க்கலாமா?"ன்னு கேட்டாங்க. கட்டணத்தைச் சொன்னாங்க. அவங்க மாச சம்பளத்துல பாதிக்கு மேல.

"அவ கடைசியா ஆடின ஆட்டங்களோட ஸ்கோர்ஷீட் இருந்தா கொண்டு வரச் சொல்லுங்கம்மா"ன்னேன். கொண்டு வந்தா. பன்னிரண்டு வயசு. வேலூர்ல ஒரு போட்டியில ஆடின ஆறு ஆட்டம். (மாவட்டம் பிரிஞ்சு ஆம்பூர் திருப்பத்தூர் பக்கம் போனாலும், எனக்குத் தெரிஞ்ச பிள்ளைகள் போட்டின்னா வேலூருக்குத்தான் பஸ் ஏறுதுங்க.) ஆறுலயும் ஓப்பனிங்ல ஒரு குறையும் இல்ல. நாலு ஆட்டத்துல அரைப்புள்ளியோ முழுப்புள்ளியோ போனது 40வது நகர்த்தலுக்கு அப்புறம்.

அதுல ஒண்ணை மட்டும் சொல்றேன். அவளுக்கு யானையும் ஒரு சிப்பாயும், எதிராளிக்கு வெறும் யானை. "நாம ஜெயிக்கிற நிலையில இருந்தா காயை மாத்தணும்"னு சொல்லிக் கொடுத்திருக்காங்க. மாத்திட்டா. மிஞ்சினது இது: வெள்ளை ராஜா டி5, சிப்பாய் இ5, கறுப்பு ராஜா இ7. வெள்ளை நகர்த்தணும். டிரா. ராஜா சிப்பாய்க்குப் பக்கத்துல நிக்குது, முன்னால இல்ல. முட்டி முட்டிப் பார்த்தாலும் கடைசியில எதிராளி ராஜா நகர இடமில்லாம ஸ்டேல்மேட்.

அதே மூணு காயை வேற மாதிரி வைங்க. வெள்ளை ராஜா இ6, சிப்பாய் இ5, கறுப்பு ராஜா இ8. இப்ப யார் நகர்த்தினாலும் வெள்ளைக்கு வெற்றி. இந்த வித்தியாசத்தைக் காட்ட எனக்கு பத்து நிமிஷம் ஆச்சு. அவ அதையே திருப்பித் திருப்பி ஆடிப் பார்த்துட்டு, "அப்போ யானையை மாத்துறதுக்கு முன்னாடி ராஜா எங்க நிக்குதுன்னு பார்க்கணுமா அங்கிள்?"ன்னா. அவ்வளவுதான் பாப்பா. டிங் லிரென் கோட்டை விட்டதும் இந்தக் கேள்வியில்தான்.

ஓப்பனிங் வேண்டாம்னு சொல்லல. ஆனா கோர்ஸ் விக்கிறவங்களுக்கு ஓப்பனிங்தான் விக்க வசதி. பெயர் அழகா இருக்கும், பொறி இருக்கும், பத்து நகர்த்தல்ல ஜெயிச்ச கதை இருக்கும். யானை எண்ட்கேமை யாரும் ரீல்ஸ் போட மாட்டாங்க.

சரி, எப்படிப் படிக்கிறது? எங்க துறையில தமிழ்நாட்டுல ஒவ்வொரு பிரசவகால மரணத்தையும் தணிக்கை பண்ணுவாங்க. கேஸ் ஷீட்டைக் கடைசிப் பக்கத்துல இருந்து படிச்சா எல்லாருமே மேதைதான். "பத்து மணிக்கே இதைச் செஞ்சிருக்கணும்"னு சுலபமா சொல்லிடலாம். பத்து மணிக்கு அந்த டியூட்டி டாக்டருக்கு என்ன தெரிஞ்சிருந்ததோ அதை மட்டும் வச்சுக்கிட்டு யோசிக்கிறதுதான் கஷ்டம். எதையாவது கத்துக்கிறதும் அப்பதான்.

செஸ்லயும் அதேதான். இன்ஜினை ஆன் பண்ணினா மைனஸ் ஐந்துன்னு காட்டும், பிள்ளை தலையாட்டும், ஒண்ணும் ஏறாது. அதனால முடிவை மறைங்க. பெரிய போட்டியிலயோ பிள்ளையோட சொந்த ஆட்டத்துலயோ ராணிகள் போன பிறகு வர்ற ஒரு நிலையை எடுங்க. போர்டுல வைங்க. யார் ஜெயிப்பாங்க, ஏன், எந்தக் காயை மாத்தினா என்ன ஆகும்னு நோட்டுல பேனாவால எழுதச் சொல்லுங்க. பேனா முக்கியம், மனசுல நினைச்சதைப் பிள்ளைங்க அப்புறம் மாத்திச் சொல்லிடும்! எழுதின பிறகு மட்டும் இன்ஜின். லிசெஸ்ல எல்லாமே இலவசம். ராஜாக்களையும் சேர்த்து 7 காய் வரைக்குமான நிலைகளுக்கு டேபிள்பேஸ் இருக்கு. அங்க கணிப்பெல்லாம் இல்ல, முழுசா கணக்குப் போட்டு முடிச்ச விடை.

குகேஷோட ஆரம்பகாலக் கோச் விஷ்ணு பிரசன்னா, பையன் கிராண்ட்மாஸ்டர் ஆகுறவரைக்கும் இன்ஜினைத் தொடவிடாமதான் பயிற்சி கொடுத்தார். 2019ல 12 வயசுல அந்தப் பட்டம் வந்தது. நம்ம பிள்ளைகளுக்கு முதல் வாரமே இன்ஜின் ஓடுது.

அடுத்து, 2013 நவம்பர்ல சென்னையில நடந்த ஆனந்த் - கார்ல்சன் போட்டி. 5வது, 6வது ஆட்டம் ரெண்டுமே ரொம்ப நேரம் டிரா மாதிரி நின்ன யானை எண்ட்கேம். ரெண்டுலயும் ஆனந்த் தோத்தார், போட்டியும் அங்கேயே சாய்ஞ்சது. கார்ல்சன் ஒண்ணும் மாயம் பண்ணல. அவசரப்படாம ஒவ்வொரு நகர்த்தல்லயும் எதிராளிகிட்ட ஒரு சின்னக் கேள்வியைக் கேட்டுக்கிட்டே இருந்தார். நமக்கு வலிக்கிற ஆட்டங்கள்தான், ஆனா யானை எண்ட்கேம் படிக்க அதைவிட நல்ல பாடம் நம்ம ஊர்ல நடந்ததில்ல.

அந்த அம்மா கோர்ஸுக்குப் பணம் கட்டல. பொண்ணு வாரத்துக்கு மூணு நிலை எழுதுறா. அதுல பாதி தப்பு. பரவாயில்ல, தேதி போட்டு எழுதச் சொல்லியிருக்கேன்.

இன்னைக்கு ராத்திரி வீட்டுல வைக்க ஒரு நிலை: வெள்ளை ராஜா டி6, சிப்பாய் இ6, கறுப்பு ராஜா இ8. வெள்ளை நகர்த்தினா என்ன முடிவு, கறுப்பு நகர்த்தினா என்ன முடிவு? ரெண்டும் வேற வேற. போனைத் தொடாம பிள்ளைகிட்ட கேட்டு, கீழே எழுதுங்க.