'மறு' என்ற இரண்டெழுத்து

சபைச் சரித்திரம் கற்பிக்கத் தொடங்கியபோது, சீர்திருத்த காலத்து அனபாப்டிஸ்டுகளைக் கரும்பலகையில் 'மறுஞானஸ்நானக்காரர்' என்றே எழுதுவேன். அகராதி அப்படித்தான் சொல்கிறது. பதிவேடுகளை ஊன்றிப் படிக்கத் தொடங்கிய பிறகு அந்த 'மறு'வை எழுதக் கை வரவில்லை.

1525 ஜனவரி 21 அன்று சூரிக்கில் ஒரு வீட்டில் சிலர் கூடினார்கள். கான்ராட் கிரேபல், ஜார்ஜ் பிளவுராக்குக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். அவர்கள் கணக்கில் அதுதான் முதலாவது. விசுவாசம் இன்னதென்று அறியாத பச்சிளங்குழந்தைக்குக் கொடுத்ததை அவர்கள் ஞானஸ்நானமாகவே எண்ணவில்லை. 'மறு'வை ஒட்டியவர்கள் எதிராளிகள். அது வெறும் ஏச்சும் அல்ல. மறுமுழுக்குக்கு மரண தண்டனை என்று பழைய ரோமச் சட்டத்தில் இருந்தது. 1529இல் ஸ்பையரில் கூடிய பேரரசு மன்றம் அதற்கு மறுபடி உயிர் கொடுத்தது. பெயரைச் சூட்டியதுமே தீர்ப்பும் எழுதியாயிற்று. சூரிக் அதற்கும் முந்திக்கொண்டது. 1527 ஜனவரி 5 அன்று இவர்களில் ஒருவரான ஃபெலிக்ஸ் மான்ஸை, கைகளைக் கட்டி முழங்காலுக்குக் கீழே இறக்கி, இடையில் கழியைச் செருகி லிம்மாட் ஆற்றில் அமிழ்த்தினார்கள்.

இவர்களைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு இவர்களைப் பிடித்தவர்கள் எழுதிவைத்தது. அந்த விசாரணைப் பதிவுகளை ஜெர்மன் ஆய்வாளர்கள் 1930 முதல் தொகுதி தொகுதியாக அச்சிட்டார்கள். யார் முழுக்குக் கொடுத்தது, எங்கே, உடன் இருந்தவர் யார் என்று ஒரே கேள்விகள் ஊர் ஊராக வரும். சித்திரவதைக் கருவி பக்கத்திலேயே இருக்கும். 'நான்' என்று கைதி சொன்னதை எழுத்தர் 'அவன்' என்று மாற்றியிருப்பார். என் மாணவர்களுக்கு நான் சொல்வது இது: முதலில் கேள்வியைப் படியுங்கள், பதில் எந்த இடத்தில் கேள்வியைத் தாண்டுகிறது என்று பாருங்கள். கேட்காததைக் கைதி சொல்லும் அந்த ஓரிரு வரிகளில்தான் அவர் குரல் இருக்கிறது.

இன்னொரு தவறும் செய்தேன். மெனோனைட் வரலாற்றாசிரியர் ஹெரால்டு பெண்டர் 1943இல் தீட்டிக் காட்டிய சித்திரத்தை அப்படியே பாடமாக்கினேன்: சூரிக்கில் பிறந்த, வாளேந்தாத, தூய்மையான ஓர் இயக்கம். மூன்ஸ்டரில் 1534-35இல் வாளெடுத்து நகரைப் பிடித்துப் பலதார மணத்தையும் புகுத்திய அனபாப்டிஸ்டுகளை ஒரே வரியில் ஒதுக்கினேன். 1975இல் ஸ்டேயர், பாக்குல், டெப்பர்மன் என்ற வரலாற்றாசிரியர்கள் மூவரும் எழுதிய கட்டுரை அந்தச் சித்திரத்தைக் கலைத்தது. சுவிட்சர்லாந்து, தென் ஜெர்மனி, நெதர்லாந்து என்று இயக்கத்துக்கு ஊற்றுகள் பல. 1525 விவசாயிகள் எழுச்சியின் சூடும் அதில் உண்டு. ஆர்னால்டு ஸ்னைடர் போன்ற ஆய்வாளர்கள் பின்னர் அவற்றுக்குப் பொதுவானதைத் தேடினார்கள். இருந்தாலும் மூன்ஸ்டரை மறைத்து இந்த வரலாற்றைச் சொல்வது பொய் சொல்வதுதான். நேசிக்கிறவர்களைப் பற்றியும் முழுதாகச் சொல்ல வேண்டும்.

நான் லுத்தரன் சபையில் வளர்ந்தவன். எங்கள் விசுவாசத்துக்கு ஆதாரமான 1530ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் அறிக்கை இவர்களைப் பெயர் சொல்லிக் கண்டனம் செய்கிறது. அந்தப் பக்கத்தை வகுப்பில் வாசிக்கும்போது என் குரல் தாழ்ந்துவிடும். 2010 ஜூலையில் ஸ்டுட்கார்ட்டில் லுத்தரன் உலகக் கூட்டமைப்பு, இந்தத் துன்புறுத்தல்களுக்காக அனபாப்டிஸ்டுகளின் வழிவந்த மெனோனைட்டுகளிடம் மன்னிப்புக் கேட்டது. அந்த மன்னிப்பில் எனக்கும் பங்குண்டு என்றே நம்புகிறேன்.

இப்போது ஜெர்மன் ஆய்வாளர்களே 'மறு'வை விட்டு, வெறுமனே 'முழுக்குக்காரர்' என்று பொருள்படும் 'டாய்ஃபர்' என்ற சொல்லையே எழுதுகிறார்கள். லிம்மாட் கரையில் 2004இல் மான்ஸுக்கும் அவரைப் போல ஆற்றில் மாண்டவர்களுக்கும் ஒரு நினைவுக்கல் பதித்தார்கள். அதிலும் அந்தச் சொல்தான் இருக்கிறது, 'மறு' இல்லை.