ஜாம் போத்தலும் டங்கரின் மெழுகுதிரியும்

ஒரு மெழுகுதிரி, ஒரு தீப்பெட்டி, சிறு ஆணிகள் நிரம்பிய ஒரு பெட்டி. மேசையில் மெழுகு சிந்தாதவாறு திரியைச் சுவரில் பொருத்தி எரியவிட வேண்டும். ஜெர்மானிய உளவியலாளர் கார்ல் டங்கரின் பெயரால் வழங்கும் புதிர் இது. அவரது ஆய்வு 1945 ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் வெளிவந்தது. ஆணிகளைக் கொட்டிவிட்டு, வெறும் பெட்டியைச் சுவரில் அறைந்து அதன்மேல் திரியை நிறுத்தினால் காரியம் முடிந்தது. ஆயினும் பலர் திணறுகின்றனர். ஆணிகளைத் தாங்குவதற்கே அப்பெட்டி என்று மனம் முடிவுகட்டிவிடுகிறது. ஆணிகளை வெளியே எடுத்துத் தனியாக வைத்துக் கொடுத்தாலோ, விடை காண்போர் தொகை கூடிவிடுகிறது!

இளம் பத்திரிகையாளர்களுக்கு வகுப்பெடுக்கும்போது இதைச் சொல்லிவிட்டு, மேசையில் ஒரு வெறும் ஜாம் போத்தலை வைப்பேன். பத்து நிமிடங்களில் அதன் பயன்களை எழுத வேண்டும். அமெரிக்க உளவியலாளர் கில்ஃபோர்டின் வழிவந்த பயிற்சி இது. முதல் ஐந்தாறு விடைகள் எல்லோர் தாளிலும் ஏறத்தாழ ஒன்றே: பூச்சாடி, பேனை வைக்க, மீன் வளர்க்க, உண்டியல். பின்னர் பேனைகள் நின்றுவிடும். அந்த மௌனத்தைக் குலைக்க நான் விரும்புவதில்லை. பயிற்சி தொடங்குவதே அங்கேதான்.

சற்றுப் பொறுத்து ஒரு நிபந்தனை விதிப்பேன். மின்சாரம் இல்லை, பற்றரி இல்லை, மண்ணெண்ணெய் சிறிதளவே உண்டு. இப்போது எழுதுங்கள்.

1990 இல் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தோருக்கு விடை தெரியும். போத்தலின் அடியில் பஞ்சு வைத்து, கொஞ்சம் எண்ணெய் விட்டு, கம்பியால் திரியை நிறுத்துவர். கண்ணாடிச் சுவர் காற்றைத் தடுக்கும். பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தது அந்த வெளிச்சத்தில். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதிகட்டையைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டனர். பனம்பழச் சாற்றில் துணி வெளுத்தனர்.

இதனைத் தமிழரின் படைப்பாற்றல் என்று மேடைகளில் புகழ்வோர் உளர். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. பொருளாதாரத் தடை வலிந்து புகட்டிய பாடம் அது. எவரும் விரும்பிக் கற்றதன்று. வகுப்பறையில் அதே நெருக்கடியைக் கற்பனையில் மட்டும் ஏற்படுத்த முடிகிறதே, அந்த வசதிக்காகத்தான் பயிற்சி.

அண்மைய வகுப்பொன்றில் ஒரு மாணவி தன் பட்டியலின் கடைசியில் இவ்வாறு எழுதியிருந்தார்: “எங்கள் வீட்டு அலுமாரியில் அம்மா ஒன்று வைத்திருக்கிறா. ஏனென்று கேட்டதில்லை.”

கேட்டு, 300 சொற்களில் எழுதிவரச் சொல்லியிருக்கிறேன்.