உலக விவகாரமும் ஊர் மக்களும்

வெளிநாட்டுக் கொள்கை என்பது தலைநகரத்துப் பெரியோரின் விவகாரம், வயலிலும் கடலிலும் உழைப்போருக்கு அதில் என்ன வேலை என்று கேட்போர் இன்றும் உளர். எமது ஆசிரியர் ஓய்வறையிலேயே இக்கேள்வியை நாம் பன்முறை கேட்டிருக்கிறோம். அரிசி விலை பற்றியும் இடமாற்றம் பற்றியும் சூடாக விவாதிப்போர், பேச்சு பிறநாடுகளின் பக்கம் திரும்பியதும், "அது பெரிய இடத்து விஷயம்" என்று பத்திரிகையை மடித்து வைத்துவிடுகின்றனர். வன்னி மண்ணில் வாழ்வோர் இவ்வாறு சொல்வது விந்தையிலும் விந்தை. அரசுகளுக்கிடையிலான உடன்படிக்கைகளும் வாக்கெடுப்புகளும் இம்மக்களின் வாசற்படிவரை வந்து போயிருக்கின்றன.

நாம் கற்பிப்பது கிளிநொச்சி மாவட்டத்துப் பாடசாலை ஒன்றில். எம்மிடம் பயிலும் பிள்ளைகளிற் பலர் மலையகத்திலிருந்து இங்கு வந்து காடு வெட்டிக் குடியேறியோரின் பேரப்பிள்ளைகள். அவர்களுடைய பாட்டன்மாரை 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றோர் ஆக்கியது. 1964 ஒக்டோபர் 30 இல் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். 975,000 மக்களில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்ளலாம் என்றனர். பத்தாண்டு கழித்து, 1974 இல், அந்த எச்சத்தையும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டனர். தேயிலைப் பெட்டிகளைப் பங்கிடுவதும் இவ்வாறுதான். பங்கிடப்பட்டோரின் விருப்பத்தை எவரும் கேட்டறியவில்லை. மலையகத்திலிருந்து தலைமன்னார் நோக்கிச் சென்ற ரயிலுக்கு மக்கள் "ஒப்பாரிக் கோச்சி" என்று பெயரிட்டனர். வவுனியா மாவட்டத்துச் செட்டிகுளத்தைத் தாண்டித்தான் அது சென்றது. அம்மக்கள் இருவரசுகளின் ராஜதந்திரத்தைப் பற்றிக் கூறிய அபிப்பிராயம் அந்த ஒரு பெயரிலேயே அடங்கியிருக்கிறது. ஆயினும் அதைக் கேட்க எந்த மாநாட்டு மண்டபத்திலும் செவி இருக்கவில்லை. நாடற்றோர் பிரச்சினையை முடித்துவைக்கும் சட்டம் வருவதற்கு 2003 ஆம் ஆண்டு ஆகவேண்டியிருந்தது.

அடுத்த சம்பவம் நமது தலைமுறை கண்டது. 2008 செப்டெம்பரில் நாம் பாடசாலை மாணவர். வன்னியை விட்டு வெளியேறுமாறு அரசு பணித்ததும் ஐக்கிய நாடுகள் நிறுவன ஊழியர்கள் கிளிநொச்சியை விட்டுப் புறப்பட்டனர். "போகாதீர்கள்" என்று மக்கள் அந்த அலுவலக வாயிலிற் கூடி நின்று மன்றாடினர். சர்வதேச விவகாரம் குறித்து வன்னி மக்கள் தாமே தெருவிலிறங்கித் தெரிவித்த அபிப்பிராயம் அது. வாகனங்கள் போய்விட்டன. மக்களைக் காக்கும் பொறுப்பில் தாம் தவறியதை ஐக்கிய நாடுகள் சபையின் உள்ளக ஆய்வறிக்கையே 2012 இல் ஒப்புக்கொண்டது. அதற்குள் மாண்டோர் மாண்டுவிட்டனர்.

2009 மே 27 இல், யுத்தம் முடிந்து பத்து நாள் கழியுமுன், ஜெனீவாவில் மனித உரிமைகள் பேரவை இலங்கை அரசு விரும்பிய தீர்மானத்தை நிறைவேற்றியது. 29 நாடுகள் ஆதரித்தன. 12 நாடுகள் எதிர்த்தன. 6 நாடுகள் வாக்களியாதிருந்தன. அவ்வேளை, யுத்தத்திலிருந்து மீண்டு வந்தோரிற் பெரும்பாலோர் அதே செட்டிகுளத்தில், மெனிக் பாம் முகாமின் முட்கம்பிக்குள் இருந்தனர்.

முற்போக்கு எண்ணம் கொண்ட நாம் இங்கே சற்று நின்று சிந்திக்க வேண்டும். அத்தீர்மானத்தை ஆதரித்தோருள் இந்தியாவும் சீனாவும் மட்டுமல்ல, நம்மிற் பலர் நெஞ்சார மதிக்கும் கியூபாவும் இருந்தது. எதிர்த்து வாக்களித்த ஜெர்மனியோ, 2023 ஒக்டோபருக்குப் பின் காஸாவிற் குண்டுமாரி பொழிந்த காலத்திலும் இஸ்ரேலுக்கு ஆயுதம் வழங்கியது. "சேர், எங்களைப் பற்றி வாக்குப் போட்ட நாடுகளிலே எங்களுக்காகப் போட்டது எது?" என்று பதினோராந் தர மாணவி ஒருத்தி நம்மைக் கேட்டாள். எதுவும் இல்லை என்பதே நாம் கூறிய விடை. அரசுகள் தத்தம் நலனுக்கே வாக்களிக்கின்றன. 2009 இல் ஆதரித்த இந்தியா, 2012 இல் அமெரிக்கா கொணர்ந்த வேறொரு தீர்மானத்துக்கு ஆதரவளித்து இலங்கைக்கு எதிராக வாக்களித்தது. இதற்கிடையில் வன்னி மக்களின் நியாயம் மாறிவிடவில்லை.

ஆதலால் இந்த முகாம் நமது முகாம், அந்த முகாம் பகை முகாம் என்று முன்கூட்டியே முடிவு கட்டிக்கொண்டு செய்தி வாசிப்பது அபிப்பிராயம் ஆகாது. யார் வந்து நம்மைக் காப்பார் என்று வானத்தைப் பார்த்திருப்பதும் அபிப்பிராயம் ஆகாது. நமக்கு இழைக்கப்பட்டதை எந்தத் தராசில் நிறுத்தோமோ, அதே தராசில் பிறருக்கு இழைக்கப்படுவதையும் நிறுப்பதே மக்கள் அபிப்பிராயம். நம் துயரை மட்டும் அறிந்து, காஸாவின் துயரைக் காணாதிருப்பவன் நீதி கேட்கும் தகுதியைத் தானே குறைத்துக்கொள்கிறான்.

இத்தகைய அபிப்பிராயம் ஏட்டில் மட்டுமே உள்ளது என்று எண்ணவேண்டாம். 2024 டிசெம்பரில் மியன்மாரின் ரோஹிங்கியா அகதிகள் நூற்றுக்கு மேற்பட்டோரைச் சுமந்த படகொன்று முள்ளிவாய்க்கால் கரையோரம் வந்து சேர்ந்தது. பசித்திருந்த குழந்தைகளுக்கு முதலில் உணவும் நீரும் கொடுத்தவர்கள் அக்கரையின் மீனவ மக்கள். அவர்களைத் திருப்பி அனுப்பலாகாது என்று வடக்கில் மக்கள் குரலெழுப்பவும் செய்தனர். எந்த அமைச்சும் இம்மக்களுக்கு வெளிநாட்டுக் கொள்கை வகுத்துக் கொடுக்கவில்லை. 2009 இல் அதே மணலில் தாம் பட்டதை அவர்கள் மறக்கவில்லை, அதுவே போதுமாயிருந்தது.

மீனவர் உணர்ந்ததை அறிவாக வளர்ப்பது ஆசிரியரின் கடமை. வரலாற்றுப் பாடத்தில் ஒப்பந்தங்களின் ஆண்டையும் ஒப்பமிட்டோர் பெயரையும் மனனம் செய்விப்பதோடு நாம் நின்றுவிடலாகாது. இதனால் யாருடைய வாழ்வு மாறியது, அவர்களை எவரேனும் கேட்டார்களா என்ற இரு வினாக்களையும் ஒவ்வொரு ஒப்பந்தத்தின் முன்னும் மாணவர் எழுப்பப் பழகவேண்டும். பேரப்பிள்ளைகள் இவ்வினாக்களைக் கேட்கத் தொடங்கினால், பாட்டன்மாரைப் பங்கிட்டதுபோல் இவர்களை எந்த அரசும் எளிதிற் பங்கிட முடியாது.